முதல் வணக்கம்: மூன்று தடவை தொடங்கிய ஒரு கராத்தே ஆசிரியரின் கதை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கராத்தே வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் நாள் அடிக்கச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். சப்பாத்தைக் கழற்றி வாசலில் நேராக வைக்க வேண்டும். உள்ளே வரும்போது குனிந்து வணங்க வேண்டும். வெள்ளைப் பட்டியைச் சரியாகக் கட்டப் பழகவே இரண்டு மூன்று வகுப்புகள் போய்விடும். பிறகு முழங்காலை மடித்து நிற்கும் ஒரு நிலை, இடுப்பிலிருந்து நீளும் ஒரு குத்து, ஜப்பானிய மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக்கை. திரும்பவும் அதே நிலை, அதே குத்து. புரூஸ் லீ படத்தைப் பார்த்துவிட்டுப் பறந்து உதைக்கும் ஆசையோடு வந்த பிள்ளை, புதிதாக ஒன்றும் பழக்குகிறார்கள் இல்லையென்று மூன்றாம் கிழமையே வீட்டில் முறைப்பாடு சொல்லத் தொடங்கும்.

பெற்றோருக்கும் அந்தச் சந்தேகம் வருவதுண்டு. கொழும்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, வேறெங்கோ ஒரு வீட்டைப் பூட்டிவிட்டோ இழந்துவிட்டோ வந்தவை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்ற தகப்பனுக்கு, தன் பிள்ளையாவது தன்னைக் காக்கத் தெரிந்து வளர வேண்டும் என்ற ஆசை இருக்கும். மாதக் காசு கட்டி அனுப்பினால் பிள்ளை கும்பிடத்தானே பழகி வருகிறது என்று அவர் நினைத்தால் அதில் பிழையில்லை.

அந்த வணக்கத்துக்கும் சலிப்புத் தரும் அந்தப் பயிற்சிக்கும் பின்னால் ஒரு மனிதருடைய வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் கிச்சின் ஃபுனாகோஷி. கராத்தேயை ஒரு சிறு தீவிலிருந்து வெளியே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். தொழிலால் அவர் ஒரு பாடசாலை ஆசிரியர். தன் மொழியைப் பெரிய நாடொன்று கேவலமாகப் பார்த்த தீவொன்றின் மகன். போரில் மகனையும் மண்டபத்தையும் ஊரையும் இழந்த பிறகு, எழுபது வயதுக்கு மேல் திரும்பவும் தொடங்கியவர்.

நோஞ்சான் பிள்ளை

1868 நவம்பர் 10ஆம் திகதி ஒகினாவாத் தீவின் ஷூரி நகரில் ஃபுனாகோஷி பிறந்தார். குறைமாதப் பிள்ளை. அதிக நாள் தங்காது என்றே உறவினர்கள் நினைத்தார்கள். தாயின் பெற்றோர்தான் அவரைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். பாட்டனார் சீனச் செவ்விலக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தார். தகப்பன் கம்புச் சண்டையில் வல்லவர். ஆனால் குடிப்பழக்கத்தில் குடும்பச் சொத்து கரைந்துகொண்டிருந்தது.

அப்போது ஒகினாவா ரியூக்யூ என்ற தனி இராச்சியத்தின் பகுதி. அதற்குத் தனி அரசரும் தனி மொழியும் இருந்தன. சீனாவோடு நெருங்கிய உறவு இருந்தது. 1609இல் தெற்கு ஜப்பானின் சத்சுமாப் படை தீவைப் பிடித்த பிறகு அரசர் பெயரளவில்தான் ஆண்டார். 1879இல் ஜப்பான் அந்த அரசரையும் நீக்கிவிட்டுத் தீவைத் தன் மாகாணங்களில் ஒன்றாக்கியது. ஃபுனாகோஷிக்கு அப்போது பத்து வயது.

ஆரம்பப் பாடசாலையில் அவருடைய நெருங்கிய நண்பன் அன்கோ அசாத்தோ என்பவரின் மகன். அசாத்தோ பிரபு குலத்தவர், தீவின் பேர்பெற்ற கராத்தே ஆசான்களில் ஒருவர். நண்பனோடு அந்த வீட்டுக்குப் போய்வந்த நோஞ்சான் பிள்ளை, உடம்பு தேறட்டும் என்று அங்கேயே மாணவனாகச் சேர்ந்தது.

அந்தக் காலத்தில் கராத்தேக்குப் பாடசாலை இல்லை, சீருடை இல்லை, பட்டியும் இல்லை. யார் யாரிடம் பழகுகிறார்கள் என்பதைக்கூட வெளியில் சொல்ல மாட்டார்கள். வகுப்பு இரவில் நடக்கும். நிலவில்லாத இரவுகளில் சிறு விளக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஃபுனாகோஷி ஆசானின் வீட்டுக்கு நடப்பார். விடியும் நேரத்தில் திரும்புவார். இந்த இளைஞன் ராத்திரியில் எங்கே போய்வருகிறான் என்று அயலவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். விலைமாதர் வீட்டுக்குத்தான் என்று சிலர் முடிவே கட்டிவிட்டதை அவர் பின்னாளில் சிரிப்போடு எழுதியிருக்கிறார்.

வகுப்பு நடக்கும் இடம் பின்வளவு. அசாத்தோ விறாந்தையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். முற்றத்து இருளில் மாணவன் ஒரு கத்தாவைச் செய்ய வேண்டும். எதிரிகள் சுற்றி நிற்பதாக எண்ணி, குறித்த ஒழுங்கில் தடுப்பதும் அடிப்பதும் திரும்புவதுமாகச் செல்லும் அசைவுத் தொடர்தான் கத்தா. செய்து முடித்தால் இன்னொரு தடவை செய்யச் சொல்லுவார். பிறகு இன்னுமொரு தடவை. கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே கத்தாதான். ஆசானுக்குத் திருப்தி வரும்வரை அடுத்தது கிடையாது. பாராட்டு என்று வந்தால் அதுவும் ஒற்றைச் சொல்தான். அசாத்தோவின் நண்பரான அன்கோ இத்தோசுவிடமும் அவர் பழகினார். அங்கே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று கத்தாக்களில் மட்டும் பத்து ஆண்டுகள் போயின.

அந்த இரவுகள் அவமானமாகவும் இருந்தன என்று அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் சில ஆண்டுகளில் ஒரு விடயத்தைக் கவனித்தார். மருந்துப் போத்தல்களோடு வளர்ந்த உடம்பில் நோய் இல்லை.

வெட்டிய குடுமி

ஃபுனாகோஷி வைத்தியராக விரும்பினார். அதற்கு ஒரு குடுமி தடையாக வந்தது. ஜப்பானிய அரசு ஆண்களின் குடுமியைப் பழைய காலத்தின் அடையாளமாகப் பார்த்தது. ஒகினாவா மக்களுக்கோ அது தங்கள் இராச்சியத்தின் எச்சம். வெட்டுவோமென்ற கட்சியும் வெட்ட மாட்டோமென்ற கட்சியுமாகத் தீவு பிரிந்து நின்றது. அவருடைய குடும்பம் இரண்டாவது கட்சி. குடுமியோடு மருத்துவக் கல்விக்குப் போக முடியாது. அந்தக் கனவு அத்தோடு முடிந்தது.

1888இல் உதவி ஆசிரியராக வேலை கிடைத்தபோது அவர் குடுமியை வெட்டிக்கொண்டார். புதிய சீருடையில் வீட்டுக்குப் போனதும் தகப்பன் கோபத்தில் சத்தமிட்டார். தாய் பேச மறுத்துப் பின்கதவால் வெளியேறினார். பிழைப்புக்கும் பெற்றோரின் மானத்துக்கும் நடுவில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிவந்த பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆசிரியராக இருந்தார். சம்பளம் சொற்பம், வீட்டில் சாப்பிட வேண்டிய வாய்கள் அதிகம். மனைவி பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மரக்கறி வளர்த்தார், துணி நெய்தார். கணவன் இரவில் கராத்தேக்குப் போவதை அவர் ஒருபோதும் குறையாகச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்து அவருக்கும் கத்தாக்கள் பாடமாகியிருந்தன.

அந்தத் தலைமுறையில்தான் ஒகினாவாப் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிடும் தண்டனை பரவியது. அடுத்து யாராவது அந்த மொழியில் வாய் தவறிப் பேசினால்தான் பலகை கைமாறும். இதே பாடசாலைகளுக்குள்தான் கராத்தேயும் வந்தது. 1901இல் இத்தோசு அதை ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்குள் கொண்டுபோனார். ஓர் ஆசான், ஒரு மாணவன், இருட்டு என்றிருந்தது, வரிசையில் நின்று எண்ணிக்கைக்குச் செய்யும் பகல் வகுப்பாகியது. சிறு பிள்ளைகளுக்கென்று ஐந்து எளிய கத்தாக்களை இத்தோசு அமைத்தார். அமைதி, பாதுகாப்பு என்று பொருள்படும் பெயரை அவற்றுக்குச் சூட்டினார். இன்று கொழும்பில் பல பாணிகளில் புதிய மாணவர் முதலில் பழகுவது அந்த வரிசைக் கத்தாக்களைத்தான். அமைதி என்ற பெயரிலிருந்துதான் தொடங்குகிறோம் என்பது அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

ஐம்பத்து மூன்று வயதுப் புதியவர்

1922இல் டோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய உடற்கல்விக் கண்காட்சிக்கு ஒகினாவாவின் சார்பில் ஃபுனாகோஷி அனுப்பப்பட்டார். கண்காட்சி முடிந்ததும் ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. யூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் மண்டபத்துக்கு வந்து கராத்தேயைச் செய்துகாட்டும்படி கேட்டுக்கொண்டார். அந்தச் செயல்விளக்கத்துக்கு அணிய உடுப்பு இல்லாததால் ஃபுனாகோஷி வெள்ளைத் துணி வாங்கித் தானே தைத்தார். இன்று நம் பிள்ளைகள் போடும் வெள்ளை உடுப்பின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. கண்காட்சிக்குப் பிறகும் அழைப்புகள் வந்துகொண்டேயிருந்தன. அவர் தங்கிவிட்டார். மனைவி வரவில்லை. மூதாதையரின் கல்லறைகளைப் பராமரிக்கும் கடமையை விட்டுவர முடியாது என்று அவர் ஊரிலேயே இருந்தார்.

டோக்கியோவில் ஃபுனாகோஷி யாருமில்லை. ஒகினாவா மாணவர்களின் விடுதியொன்றில் வாசலையொட்டிய சிற்றறை கிடைத்தது. அதற்கு ஈடாக விடுதிக்குக் காவல் இருந்தார், முற்றம் கூட்டினார், தோட்டம் பார்த்தார். விடுதிச் சமையற்காரருக்குக் கராத்தே பழக்கிச் சாப்பாட்டுக் காசில் கழிவு பெற்றார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ் அறைகளில் மாதங்களையும் ஆண்டுகளையும் கழித்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கத் தேவையில்லை. கையில் காசு முடிந்தபோது பழைய தொப்பியையும் ஊரில் நெய்த உடுப்பையும் அடகு வைத்தார். கடைக்காரர் பொருளின் பெறுமதிக்கு மேல் காசு கொடுத்தார். கடையில் வேலை செய்தவரின் சகோதரர் தன் மாணவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் கராத்தே ஆசிரியரைத் தேடிப் பத்திரிகையாளர் ஒருவர் வந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த கிழவரிடம் ஆசிரியர் எங்கே என்று விசாரித்தார். ஃபுனாகோஷி விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே போய், முறையான உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, தன்னை அறிமுகப்படுத்தி வணங்கினார். வந்தவர் திகைத்துப்போனார்.

1923 செப்டெம்பர் 1ஆம் திகதி பெரும் பூகம்பம் டோக்கியோவை அழித்தது. மாணவர்களில் பலர் திரும்பி வரவில்லை. விடுதி சேதமாகியதால் ஒரு கத்திச் சண்டை ஆசானின் மண்டபத்தை, அவர் பயன்படுத்தாத நேரங்களில் இரவலாக வாங்கி வகுப்பு நடத்தினார். 1924இல் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தேக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டு கானோவின் யூடோ முறையைப் பின்பற்றி ஏழு மாணவர்களுக்கு முதலாவது கறுப்புப் பட்டிகளை வழங்கினார். வெள்ளையில் தொடங்கிக் கறுப்பை நோக்கிப் போகும் ஒழுங்கு கராத்தேக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. கராத்தே என்ற சொல்லை அதுவரை சீனக் கை என்ற பொருளில் எழுதினார்கள். ஃபுனாகோஷி அதை வெறுங்கை என்று பொருள்தரும் எழுத்துக்கு மாற்றினார். கத்தாக்களின் ஒகினாவா, சீனப் பெயர்கள் பலவற்றை ஜப்பானிய ஒலிக்கு மாற்றினார். சீனாவோடு போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஜப்பானில் இந்த மாற்றம் கலைக்குக் கதவைத் திறந்தது. ஊர்க்காரர்கள் சிலருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. பெரும்பான்மையின் தலைநகரில் வாழ வந்தவன் தன் பெயரில் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்விக்கு, குடுமியை வெட்டிய இளைஞனிடம் இருந்த அதே பதில்தான் முதியவரிடமும் இருந்தது.

எரிந்த மண்டபம்

1930களின் இரண்டாம் பாதியில் மாணவர்கள் காசு சேர்த்து அவருக்கென்று ஒரு மண்டபம் கட்டினார்கள். இளமையில் ஊர் மலையடிவாரத்தில் நடக்கும்போது பைன் மரங்களில் காற்று எழுப்பும் ஓசையை நினைத்து அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோட்டோ. அந்தப் பெயரால் மண்டபம் ஷோட்டோகான் ஆனது. மூன்றாவது மகன் யொஷித்தக்கா தகப்பனுக்குத் துணையாக அங்கே பயிற்சி கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏறத்தாழ எழுபது வயதில், ஃபுனாகோஷிக்குச் சொந்த மண்டபம் கிடைத்தது.

அவர் பல தசாப்தங்களாக ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். கராத்தே பழகியவன் முதலில் கை ஓங்கக்கூடாது. கத்தாக்கள் தடுப்போடு தொடங்குவதை அதற்கு எடுத்துக்காட்டினார். அவர் வாழ்ந்த நாடு அதற்கு எதிர்த்திசையில் போனது. 1941 டிசெம்பரில் ஜப்பான் முந்திக்கொண்டு தாக்கியது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டன. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் வானத்தில் அன்று விமானங்கள் சண்டையிட்டன. நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்கு ஓடினார்கள். அதே காலத்தில் டோக்கியோவில், போர்முனைக்குப் போகும் மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஆசானை வணங்கி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். பலர் அந்த வணக்கத்தோடு முடிந்துபோனார்கள்.

1945இல் விமானக் குண்டுவீச்சில் ஷோட்டோகான் எரிந்து சாம்பலானது. அதே ஆண்டு யொஷித்தக்கா நோயால் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒகினாவாவில் நடந்த சண்டை தீவையே தின்றது. ஜப்பானிய இராணுவம் ஷூரிக் கோட்டையின் அடியில் தலைமையகம் அமைத்திருந்தது. கோட்டையும் நகரமும் குண்டுகளில் தரைமட்டமாகின. மக்கள் குகைகளில் ஒளிந்தார்கள். சில குகைகளிலிருந்து இராணுவமே அவர்களை வெளியேற்றியது. தாய்மொழியில் பேசியவர்களை உளவாளிகளாகக் கருத உத்தரவிருந்தது. தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார்கள். முள்ளிவாய்க்காலின் கடைசி மாதங்களைக் கடந்துவந்தவர்களுக்கு இந்த வரிகளில் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஃபுனாகோஷியின் மனைவி அந்தத் தீவிலிருந்து இடம்பெயர்ந்து கியூஷூவின் ஒய்த்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் எந்தக் கல்லறைகளுக்காக ஊரில் இருந்தாரோ, அந்த ஊரே இல்லாமற்போயிருந்தது. டோக்கியோவை விட்டு ஃபுனாகோஷியும் அங்கே போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் இடம்பெயர்ந்தோராக ஒன்றுசேர்ந்தார்கள். கொஞ்சம் மரக்கறி வளர்த்தார்கள். கடற்கரையில் கடற்பாசி பொறுக்கினார்கள். 1947இல் மனைவி இறந்தார்.

அவருடைய அஸ்தியோடு ஃபுனாகோஷி டோக்கியோவுக்குப் புகையிரதம் ஏறினார். வழிநெடுகிலும் புகையிரத நிலையங்களில் அவருடைய பழைய மாணவர்கள் அஞ்சலி செலுத்தக் காத்து நின்றார்கள். போர் மிச்சம் வைத்தவர்கள் அவர்கள். மண்டபம் எரிந்திருந்தது, ஆனால் அங்கே பழகியவர்கள் இன்னும் குனிந்து வணங்கினார்கள்.

மழை இரவு

டோக்கியோ திரும்பியவர் மூன்றாவது தடவையாகத் தொடங்கினார். சிதறிப்போன மாணவர்கள் கூடினார்கள். 1949இல் ஜப்பான் கராத்தே சங்கம் உருவானபோது அவர் அதன் கௌரவத் தலைவரானார். எண்பது வயதிலும் இளையவர்களின் வகுப்புகளைப் பார்வையிடப் போய்வந்தார்.

முதுமைக் காலத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் பெருமையில்லாமல் பதிவு செய்திருக்கிறார். மழை பெய்த ஓர் இரவில் தனியே வந்துகொண்டிருந்தவரை ஒருவன் வழிமறித்துத் தாக்கினான். முதியவர் குனிந்து விலகி, அவனுடைய உயிர்நிலையில் பிடித்துவிட்டார். ரோந்து வந்த பொலிஸ்காரர் அவனைக் கைது செய்தார். கேட்பவர்கள் இதை வீரக் கதையாகத்தான் சொல்வார்கள். ஃபுனாகோஷி அப்படிச் சொல்லவில்லை. அந்த மனிதன் அண்மையில் போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரனாக இருக்கலாம், ஏதோ ஒரு கணத்தில் திருட முடிவெடுத்திருக்கலாம் என்று நினைத்தார். செய்ய வேண்டாமென்று மாணவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சொன்னதைத் தானே செய்துவிட்டதாக வெட்கப்பட்டார்.

1957 ஏப்ரல் 26ஆம் திகதி, 88 வயதில் அவர் இறந்தார். கமகுராவில் உள்ள பழைய விகாரையொன்றில் 1968இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல்லில், முதலில் தாக்கக்கூடாது என்ற அவருடைய போதனை பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் பிறந்த தீவில் 1995இல் இன்னொரு நினைவிடம் திறந்தார்கள். கடைசிச் சண்டை நடந்த மபுனிக் குன்றில், கடலைப் பார்த்தபடி கருங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. தீவு மக்கள், ஜப்பானியப் படையினர், அமெரிக்கப் படையினர், கொரியர்கள் என்று எந்தப் பக்கத்தில் இறந்தவருக்கும் அங்கே இடம் உண்டு. புதிதாகத் தெரியவரும் பெயர்களை இன்றும் சேர்க்கிறார்கள். ஒரு விளக்குக் கொளுத்துவதற்கே வழக்கும் தடையுமாக அலைந்த நமக்கு, அப்படி ஒரு சுவர் எங்கேயோ இருக்கிறது என்பதை அறிந்துவைப்பதும் முக்கியம்.

நம் பிள்ளைகளின் வகுப்புக்கு வருவோம். தன்னைக் காக்கப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்ற பெற்றோரின் ஆசை நியாயமானது. அடிக்கும் வழிகள் கராத்தேயில் நிறைய உண்டு, உரிய காலத்தில் பிள்ளை அவற்றைப் பழகும். ஆனால் ஃபுனாகோஷியின் வாழ்க்கையில் எந்தக் குத்தும் அவருடைய மண்டபத்தைக் காக்கவில்லை, மகனைக் காக்கவில்லை, ஊரையும் காக்கவில்லை. எல்லாம் போன பிறகு அவரிடம் எஞ்சியது அந்த முற்றத்து இருட்டில் பழகியதுதான். இன்னொரு தடவை செய், திரும்பவும் முதல் நிலைக்கு வா, பதற்றப்படாதே. எழுபத்தொன்பது வயதில் அஸ்திக் கலசத்தோடு புகையிரதத்திலிருந்து இறங்கியவரைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுபோனது அந்தப் பழக்கம்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம், அதே நிலையையும் அதே குத்தையும்தான் பழக்கினார்கள் என்று பிள்ளை சலித்துக்கொண்டு வந்தால், இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மூன்று கத்தாவுக்குப் பத்து வருடம் காத்திருந்த ஒரு நோஞ்சான் பிள்ளை இருந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். போரைப் பற்றிய பகுதியைச் சொல்லும்போது, பிள்ளை உங்களிடமே கேட்கக்கூடும், நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எப்படித் திரும்பத் தொடங்கினீர்கள் என்று. அதற்கும் ஒரு பதிலை யோசித்து வையுங்கள்.